போனில் எந்த பிரவுசர்? குரோமை விட்டால் என்னென்ன இருக்கின்றன

2025 ஜூன் தொடக்கத்தில் ஸ்பெயின், நெதர்லாந்து, பெல்ஜியம் ஆகிய நாடுகளின் ஆய்வாளர்கள் சிலர் சேர்ந்து ஒரு விஷயத்தை வெளியிட்டார்கள். ஆண்ட்ராய்டு போனில் ஃபேஸ்புக் அல்லது இன்ஸ்டாகிராம் ஆப் இருந்தால், அது போனுக்குள்ளேயே ஒரு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பின்னணியில் காத்திருந்தது. நீங்கள் பிரவுசரில் ஏதோ ஒரு தளத்தைத் திறக்கிறீர்கள். அதில் மெட்டாவின் 'பிக்சல்' என்ற சிறு நிரல் இருக்கிறது. லட்சக்கணக்கான தளங்களில் அது உண்டு. அந்த நிரல் தன் குக்கீயின் (நம்மை அடையாளம் காண பிரவுசரில் விட்டுவைக்கும் சிறு குறிப்பின்) எண்ணை அந்தக் கதவு வழியாக ஆப்பிடம் கொடுத்துவிடும். ஆப்பிலோ நீங்கள் சொந்தப் பெயரில் லாகின் செய்திருக்கிறீர்கள். அதுவரை யாரோ ஒருவர் பார்த்த பக்கம், இனி இன்னார் பார்த்த பக்கம். இன்காக்னிட்டோவில் பார்த்தாலும் இதே கதைதான். ரஷ்யாவின் யாண்டெக்ஸ் இதே மாதிரி வேலையை 2017 முதலே செய்துவந்ததும் அந்த ஆய்வில் தெரிந்தது. விஷயம் வெளியான கையோடு மெட்டா அதை நிறுத்தியது.

பிரவுசரைத் தேர்ந்தெடுக்க உட்காரும் நமக்கு இதில் முக்கியமானது வேறு. எல்லா பிரவுசரும் ஒரே மாதிரி சிக்கவில்லை. குரோமும் எட்ஜும் சிக்கின. பிரேவ் சிக்கவில்லை, ஒரு தளம் போனுக்குள் இருக்கும் வேறொன்றுடன் பேச முயன்றால், பயனரைக் கேட்காமல் அனுமதிப்பதில்லை என்று அது 2022-லேயே முடிவெடுத்துவிட்டது. டக்டக்கோ பெரும்பாலும் தப்பியது, அந்த நிரல்கள் ஏற்கெனவே அதன் தடைப்பட்டியலில் இருந்ததால். குரோம் தன் 137ஆம் பதிப்பில்தான் தடுப்பைச் சேர்க்கத் தொடங்கியது. 'எல்லா பிரவுசரும் ஒண்ணுதான், எதுல பார்த்தா என்ன' என்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியவில்லை.

ஆண்ட்ராய்டைத்தான் பெரிதும் மனதில் வைத்து எழுதுகிறேன். ஐபோன்காரர்களின் நிலைமை வேறு. அதற்குப் பின்னால் வருகிறேன்.

யாரிடமிருந்து மறைக்கிறோம்?

தனியுரிமை என்று பொத்தாம்பொதுவாகப் பேசினால் ஒப்பிடவே முடியாது. நாம் எதைப் பார்க்கிறோம் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுபவர்கள் நாலு வகை. வீட்டிலோ ஆபீசிலோ நம் போனைக் கையில் எடுப்பவர்கள். நமக்கு நெட் தரும் நிறுவனமும், ஓசி ஒய்ஃபை வைத்திருக்கும் கடையும். தளங்களும் அவற்றில் ஒட்டிக்கொண்டிருக்கும் விளம்பர நிறுவனங்களும். கடைசியாக, அந்த பிரவுசரைச் செய்து கொடுத்த நிறுவனமே.

இன்காக்னிட்டோ முதல் வகையினரிடமிருந்து மட்டுமே காப்பாற்றும். போனில் ஹிஸ்டரி தங்காது, அவ்வளவுதான். இது தெரியாமல் பல பேர் அதை மாயக்கம்பளம் என்று நினைத்திருந்ததால்தான் அமெரிக்காவில் கூகுள் மீது 2020-ல் ஒரு வழக்கே வந்தது. 2024-ல் சமரசமாக முடிந்தபோது, கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க கூகுள் ஒப்புக்கொண்டது. இன்காக்னிட்டோவைத் திறந்ததும் வரும் அறிவிப்பின் வாசகமும் மாறியது. அடுத்த முறை திறக்கும்போது நிதானமாக வாசித்துப் பாருங்கள். அதிலேயே எல்லாம் இருக்கிறது.

நெட் நிறுவனத்திடமிருந்து மறைப்பது பிரவுசரால் பாதிதான் முடியும். எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது பெரும்பாலும் அவர்களுக்குத் தெரியும். உள்ளே என்ன படித்தீர்கள் என்பது, முகவரி https என்று தொடங்கும்வரை, அதாவது பக்கம் பூட்டுப் போட்டு வரும்வரை, தெரியாது. ஆக, பிரவுசருக்கு பிரவுசர் பெரிய வித்தியாசம் இருப்பது கடைசி இரண்டு வகையில்தான். இனி வரும் ஒப்பீடும் அதைப் பற்றித்தான்.

குரோம்: பாதுகாப்பு உண்டு, தனியுரிமை?

குரோமைத் திட்டுவது சுலபம். ஆனால் நியாயமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடலாம். ஓட்டைகளை அடைக்கும் வேகத்தில் அதோடு போட்டி போடக்கூடியவர்கள் குறைவு. ஒரு தளத்தின் நிரல் இன்னொரு தளத்தின் தகவலை எட்டிப்பார்க்காதபடி தனித்தனியே அடைத்து வைக்கும் ஏற்பாடு, லாகின் கேட்கும் தளங்களுக்காக 2019 முதல் ஆண்ட்ராய்டு குரோமில் உண்டு. தளங்கள் எல்லாம் குரோமில் சோதித்துப் பார்த்துத்தான் வெளிவருகின்றன. அதனால் எதுவும் உடையாது. ஆங்கிலப் பக்கத்தை ஒரே தட்டில் தமிழாக்கிக் காட்டும். கடவுச்சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளும். திருடனிடமிருந்து காப்பாற்றுவதில் குரோம் முதல் வரிசை.

சிக்கல், காப்பாற்றுகிறவருக்கே நம் மேல் ஒரு கண் என்பதுதான். கூகுளின் வருமானத்தில் பெரும்பங்கு விளம்பரம். ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்கு நம்மைப் பின்தொடர உதவும் மூன்றாம் தரப்பு குக்கீகளை இரண்டு ஆண்டுகளில் ஒழித்துக்கட்டுவோம் என்று 2020 ஜனவரியில் அறிவித்தார்கள். அப்புறம் தள்ளிவைத்தார்கள். மறுபடி தள்ளிவைத்தார்கள். 2024 ஜூலையில், ஒழிக்கப்போவதில்லை, பயனரிடமே கேட்கிறோம் என்றார்கள். 2025 ஏப்ரலில், தனியாக அப்படிக் கேட்கவும் போவதில்லை என்று முடித்துவிட்டார்கள். ஆப்பிளின் சஃபாரி இதே குக்கீகளை 2020 மார்ச்சிலேயே மொத்தமாகத் தடுத்துவிட்டது என்பதோடு வைத்துப் பார்த்தால், தொழில்நுட்பம் கைகூடவில்லை என்ற பேச்சுக்கு இடமில்லை.

இன்னொரு குறை தினமும் கண்ணில் படுவது: ஆண்ட்ராய்டு குரோமில் எக்ஸ்டென்ஷன், அதாவது பிரவுசரோடு ஒட்டவைக்கும் துணை நிரல், போட முடியாது. விளம்பரத் தடுப்பானுக்கு வழியே இல்லை. ஒரு சராசரி தமிழ்ச் செய்தித் தளத்தை அதில் திறந்து பாருங்கள். முதலில் 'நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமா' என்று ஒரு பெட்டி. அதை மூடினால் கீழிருந்து ஒரு விளம்பரப் பட்டை. செய்தியின் முதல் வரியைப் படிக்கும்போது மேலே ஒரு விளம்பரம் வந்து விழுந்து வரியைக் கீழே தள்ளும். மூலையில் ஒரு வீடியோ தானாக ஓட ஆரம்பிக்கும். அதை மூடப் போனால் விரல் விளம்பரத்தில் பட்டு வேறு எங்கோ போய் நிற்கும். நாலு பத்திச் செய்திக்கு இத்தனை பாடு. தனியுரிமையில் அக்கறையே இல்லாதவர்கள்கூட பிரவுசர் மாற்ற இந்தக் காரணம் ஒன்றே போதும்.

குரோமை விட மனமில்லாதவர்கள் இரண்டு காரியம் செய்யலாம். அதன் செட்டிங்ஸில் மூன்றாம் தரப்பு குக்கீகளைத் தடுக்கும் தேர்வை நாமே போட்டுக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டு 9 முதல் எல்லா போனிலும் இருக்கும் 'பிரைவேட் டிஎன்எஸ்' பகுதியில், விளம்பரங்களை வடிகட்டும் ஆட்கார்ட் போன்ற ஒரு சேவையின் முகவரியைக் கொடுத்துவிடலாம். இரண்டாவது, பிரவுசரில் மட்டுமல்ல, பல ஆப்களிலும் விளம்பரத்தைக் குறைக்கும். ஆனால் தளத்தின் சொந்த முகவரியிலிருந்தே வரும் விளம்பரத்தை அது தொடாது; யூடியூப் அதற்கு மசியாது.

ஃபயர்பாக்ஸ்: யூபிளாக் ஆரிஜினுக்காகவே

ஆண்ட்ராய்டில் ஃபயர்பாக்ஸைப் பரிந்துரைக்க எனக்கு ஒரே ஒரு காரணம் போதும். அதன் பெயர் யூபிளாக் ஆரிஜின். ரேமண்ட் ஹில் என்பவர் எழுதிய, இலவச, திறந்த மூல விளம்பரத் தடுப்பான். கணினியில் குரோம் தன் எக்ஸ்டென்ஷன் விதிகளை மாற்றியதால் அங்கே அதன் முழு வடிவம் 2024–25-ல் ஓய்ந்துபோனது. ஃபயர்பாக்ஸில், போனிலும்கூட, முழு வடிவமும் அப்படியே ஓடுகிறது.

போடுவது பெரிய வேலை இல்லை. மூன்று புள்ளியைத் தொட்டு எக்ஸ்டென்ஷன் பகுதிக்குப் போனால் பட்டியலிலேயே இருக்கும்; கூட்டல் குறியைத் தட்டினால் முடிந்தது. மேலே சொன்ன அதே செய்திப் பக்கத்தை இப்போது திறந்தால் தலைப்பு, படம், செய்தி, அவ்வளவுதான் இருக்கும். மெட்டாவின் பிக்சல் போன்ற நிரல்கள் வந்து இறங்குவதே இல்லை. டேட்டாவும் மிச்சம். முகவரிப் பட்டையில் இருக்கும் வாசிப்பு முறைக் குறியைத் தட்டினால் எழுத்தளவைப் பெரிதாக்கி, சாயங்காலம் கண் எரியாமல் நீண்ட கட்டுரை படிக்கலாம். மெனுக்களைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளவும் முடியும், தன்னார்வலர்கள் மொழிபெயர்த்தது.

இந்த நிலைமை வந்து வெகுகாலம் ஆகவில்லை. 2020-ல் ஃபயர்பாக்ஸைச் செய்யும் மோசில்லா ஆண்ட்ராய்டு ஃபயர்பாக்ஸை அடியோடு மாற்றி எழுதியபோது எக்ஸ்டென்ஷன்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கின. பழைய பயனர்கள் பலர் அப்போதே கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள். 2023 டிசம்பரில்தான் 400-க்கும் மேற்பட்டவற்றுக்குக் கதவு திறந்தது. அந்தக் காலத்தில் பார்த்துவிட்டு 'சரிப்படாது' என்று விட்டவர்கள் மறுபடி பார்க்கலாம்.

குறைகளும் சின்னவை அல்ல. ஃபயர்பாக்ஸின் எஞ்சின், அதாவது பக்கத்தை வாசித்துத் திரையில் வரையும் உள்பகுதி, கெக்கோ. குரோமின் குடும்பம் அல்ல. இணையம் முழுக்க ஒரே நிறுவனத்தின் எஞ்சினை நம்பி இருக்கக் கூடாது என்று நினைப்பவர்களுக்கு அது பெருமை. ஆனால் குரோமில் மட்டும் சோதிக்கப்பட்ட படிவங்கள் இதில் முரண்டு பிடிக்கும். பணம் கட்டும் பக்கத்திலிருந்து திரும்பி வரும்போது வெள்ளைத் திரை நிற்கும், ஓடிபி பெட்டி எழுத்தை வாங்காது. தளங்களைத் தனித்தனியே அடைத்து வைக்கும் அந்த ஏற்பாட்டிலும் ஆண்ட்ராய்டு ஃபயர்பாக்ஸ் குரோமுக்குப் பின்தங்கியே இருந்துவந்தது. கிராஃபீன்ஓஎஸ் போன்ற, பாதுகாப்பையே குறியாகக் கொண்ட திட்டத்தினர் இதைக் காரணம் காட்டி ஃபயர்பாக்ஸ் வேண்டாம் என்கிறார்கள். அவர்கள் வாதம் சரியானதே. ஆனால் தினமும் நம்மை மொய்ப்பது டிராக்கர்கள், அதாவது நம்மைப் பின்தொடரும் நிரல்கள். அந்த வகைத் தாக்குதல் அல்ல. எனவே என் தராசு யூபிளாக் பக்கம்தான் சாய்கிறது. விலை குறைந்த, மூன்று நான்கு ஜிபி ராம் உள்ள போனில் மட்டும் இது கொஞ்சம் கனமாகத் தெரியும். டேப் மாறினால் பக்கம் மறுபடி லோடு ஆகும்.

மோசில்லாவைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் வேண்டியதில்லை. அதன் வருமானத்தில் பெரும்பங்கு, கூகுளைத் தேடுபொறியாக வைத்திருப்பதற்காக கூகுள் தரும் பணம். 2024-ல் விளம்பர அளவீட்டுக்கான ஒரு வசதியைப் பயனரைக் கேட்காமலே இயக்கிவிட்டதாக ஐரோப்பிய அமைப்பான நொய்ப் புகார் செய்தது. 2025 பிப்ரவரியில் புதிய பயன்பாட்டு விதிகளை வெளியிட்டபோது, 'உங்கள் தகவலை ஒருபோதும் விற்க மாட்டோம்' என்ற பழைய வாக்குறுதி காணாமல் போனது; எதிர்ப்பு கிளம்பியதும் வாசகங்களைத் திருத்தினார்கள். நிறுவியதும் செட்டிங்ஸுக்குள் போய் 'தகவல் சேகரிப்பு' பகுதியில் இருக்கும் சுவிட்சுகளை அணைத்துவிடுவது நல்லது.

பிரேவ்: போட்டதும் வேலை செய்யும்

பிரேவ் 2015-ல் தொடங்கப்பட்ட நிறுவனம். ஜாவாஸ்கிரிப்ட் மொழியை உருவாக்கியவரும் மோசில்லாவை நிறுவியவர்களில் ஒருவருமான பிரண்டன் ஐக், பிரையன் பாண்டியுடன் சேர்ந்து ஆரம்பித்தது. உள்ளே இருப்பது குரோமின் அதே குரோமியம் எஞ்சின். எனவே தளங்கள் உடைவது குறைவு, அடைத்து வைக்கும் பாதுகாப்பும் அப்படியே கிடைக்கிறது. அதன் மேல் விளம்பரத் தடுப்பும் டிராக்கர் தடுப்பும் பிறவியிலேயே உண்டு. எதையும் தேடி நிறுவ வேண்டாம்.

பிரேவ் தனித்து நிற்கும் இன்னொரு இடம், போனின் 'கைரேகை'. குக்கீயே இல்லாமல், திரையின் அளவு, எழுத்துருக்கள், கிராஃபிக்ஸ் சிப் படம் வரையும் விதம், நேர மண்டலம் இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தே இது இன்ன போன் என்று ஓரளவு கண்டுபிடிக்கலாம். பிரேவ் இந்த விடைகளில் சிலவற்றைத் தளத்துக்குத் தளம் லேசாக மாற்றிச் சொல்லும். அமெரிக்காவின் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் 'கவர் யுவர் டிராக்ஸ்' என்ற சோதனைப் பக்கத்தை நடத்துகிறது. உங்கள் குரோமிலும் பிரேவிலும் அதைத் திறந்து, இரண்டு முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் விளக்குவதைவிட அது நன்றாக விளங்கும்.

ஒரு தளம் சரியாக வரவில்லை என்றால் முகவரிக்குப் பக்கத்தில் இருக்கும் சிங்கத்தைத் தட்டி, அந்தத் தளத்துக்கு மட்டும் தடுப்பை அணைக்கலாம். வீட்டில் உள்ளவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க இது சுலபம்: 'பக்கம் வரலைன்னா சிங்கத்தை அமுக்குங்க.' திரையை அணைத்த பிறகும் வீடியோவின் ஒலி தொடர்ந்து ஓட ஒரு சுவிட்ச் இருப்பதால், பாட்டு கேட்பதற்காகவே இதை வைத்திருப்பவர்களும் உண்டு.

எரிச்சல் எங்கே என்றால், கூடவே வரும் சரக்குகளில். கிரிப்டோ வாலட், விளம்பரம் பார்த்தால் டோக்கன், செய்தி ஓடை, விபிஎன் விற்பனை, ஏஐ உதவியாளர், புதிய டேபில் விளம்பரப் படம் என்று ஒரு திருவிழாக் கடைவீதியே உள்ளே இருக்கிறது. எல்லாவற்றையும் அணைக்கலாம், ஆனால் நாம்தான் அணைக்க வேண்டும். 2020-ல் ஒரு கிரிப்டோ சந்தையின் முகவரியை யாராவது தட்டச்சு செய்தால், பிரேவ் தன் கமிஷன் குறியீட்டைத் தானாகவே ஒட்டிக்கொண்டது கண்டுபிடிக்கப்பட்டது. ஐக் தவறு என்று ஒப்புக்கொண்டு திருத்தினார். தனியுரிமையையே விற்பனைச் சரக்காக வைத்திருக்கும் நிறுவனத்துக்கு அது அழகல்ல. ஆனால் அதற்காக இன்றைய அதன் தடுப்பு வேலையைக் குறைத்துச் சொல்லவும் முடியாது. செட்டிங்ஸ் பக்கமே போகாதவர்கள் போனில் நான் போட்டுக் கொடுப்பது பிரேவைத்தான். கடைவீதியை மூடிவிட்டுத்தான் கொடுப்பேன்.

டக்டக்கோ, சாம்சங், இன்ன பிற

டக்டக்கோ எளிமையின் உச்சம். தீ எரியும் பட்டனை அமுக்கினால் டேப், குக்கீ, ஹிஸ்டரி எல்லாம் சாம்பல். குக்கீ அனுமதி கேட்கும் பெட்டிகளைத் தானே மூடும். ஆண்ட்ராய்டில் மற்ற ஆப்களுக்குள் இருக்கும் டிராக்கர்களைத் தடுக்கும் வசதியும் சேர்ந்தே வருகிறது. அது போனுக்குள்ளேயே விபிஎன் போல இயங்குவதால் வேறு விபிஎன்னைச் சேர்த்துப் போட முடியாது. 2022 மே மாதம், இந்த பிரவுசர் மைக்ரோசாஃப்டின் சில டிராக்கர்களைத் தடுக்காமல் விட்டுவந்ததை ஓர் ஆய்வாளர் கண்டுபிடித்தார். மைக்ரோசாஃப்டுடன் செய்துகொண்ட தேடல் ஒப்பந்தத்தின் நிபந்தனை அது என்று டக்டக்கோவே சொன்னது. அந்த ஆகஸ்டில் பெரும்பகுதியைத் தடுக்க ஆரம்பித்தது. இரண்டாவது பிரவுசராக வைத்துக்கொள்ள நல்லது. நாள் முழுக்கப் பல டேப் வைத்து வேலை செய்பவர்களுக்குப் போதாது.

சாம்சங் இன்டர்நெட்டை அலட்சியமாக ஒதுக்குபவர்கள் அதைப் பயன்படுத்திப் பார்க்காதவர்களாக இருப்பார்கள். கையாள்வதற்கு, என் கணக்கில், இதுதான் எல்லாவற்றிலும் வசதியானது. பட்டன்கள் கீழே, கட்டைவிரல் எட்டும் இடத்தில். எது எங்கே இருக்க வேண்டும் என்பதையும் நாமே மாற்றிக்கொள்ளலாம். விளம்பரத் தடுப்பான் ஆப்பைத் தனியாக நிறுவி இணைக்கலாம். ரகசிய முறைக்கு விரல் ரேகைப் பூட்டுப் போடலாம். வேறு கம்பெனி ஆண்ட்ராய்டு போனிலும் இறக்கிக்கொள்ள முடியும். தடுப்பின் வலிமை யூபிளாக்குக்குக் கிட்டே வராது. சாம்சங்கும் விளம்பரத் தொழிலில் இருக்கும் நிறுவனம்தான் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

எட்ஜ், விவால்டி இரண்டும் நல்ல பிரவுசர்களே. கணினியில் அவற்றையே பயன்படுத்துகிறவர்களுக்கு போனிலும் பொருந்தும். மற்றவர்கள் தேடிப்போக வேண்டிய காரணம் இல்லை. டோர் பிரவுசர் 2019 முதல் ஆண்ட்ராய்டில் இருக்கிறது. தகவல் தந்தவரின் அடையாளத்தைக் காப்பாற்ற வேண்டிய பத்திரிகையாளர் போன்றவர்களுக்கான கருவி அது. மெதுவாக ஓடும், பல தளங்கள் உள்ளே விடாது. அதில் போய் சொந்தப் பெயரில் லாகின் செய்தால் எல்லாம் வீண்.

பழைய நண்பர்களையும் கேட்பீர்கள். 2ஜி காலத்தில் யூசி பிரவுசர் இல்லாத போன் இருந்ததா? 2017 வாக்கில் இந்தியாவில் அது குரோமையே முந்தியிருந்தது. அலிபாபா குழுமத்தின் சரக்கு. கனடாவின் சிட்டிசன் லேப் 2015-லேயே, பயனரின் தேடல்களையும் போனின் அடையாள எண்களையும் அது பூட்டில்லாமல் அனுப்பிக்கொண்டிருந்ததை விவரமாக எழுதியது. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு தடைசெய்த 59 ஆப்களில் அதுவும் ஒன்று. ஏதோ ஒரு தளத்திலிருந்து நிறுவல் கோப்பாக இறக்கி இன்னமும் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். ஓபரா மினியின் கதை வேறு. பக்கத்தைத் தன் சர்வரில் சுருக்கி அனுப்பித்தான் அது டேட்டாவை மிச்சம் பிடித்தது. அந்தத் தீவிரச் சுருக்க முறையில் பூட்டுப் போட்ட பக்கமும் நடுவில் அவர்கள் சர்வரில் திறந்துதான் வரும். டேட்டா தங்கமாக இருந்த நாளில் அது நியாயமான பேரமாக இருந்தது. இன்று வங்கி லாகினை அந்த வழியாக அனுப்ப ஒரு காரணமும் இல்லை.

சின்னச் சின்ன பிரவுசர்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கிவி என்று ஒன்று இருந்தது. குரோம் எக்ஸ்டென்ஷன்களை ஆண்ட்ராய்டில் ஓடவிட்டது, ரசிகர்கள் ஏராளம். 2025 ஜனவரியில் அதை நடத்தியவர் நிறுத்திவிட்டார். பிரவுசர் என்பது வாரக்கணக்கில் ஓட்டை அடைக்கப்பட வேண்டிய பொருள். ப்ளே ஸ்டோரில் கடைசி அப்டேட் எப்போது என்று பாருங்கள். மாதக்கணக்கில் பழையது என்றால் அதன் தனியுரிமை வாக்குறுதி எவ்வளவு இனிப்பாக இருந்தாலும் வேண்டாம்.

ஐபோனில்

ஐபோனில் குரோம், ஃபயர்பாக்ஸ், பிரேவ் என்று பெயர் வேறு வேறாக இருந்தாலும் உள்ளே ஓடுவது ஆப்பிளின் வெப்கிட் எஞ்சின்தான். ஆப்பிளின் விதி அது. ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய சட்டத்தால் 2024-ல் விதி தளர்ந்தது. நமக்கு அது கிடையாது. அதனால் ஐபோன் ஃபயர்பாக்ஸில் யூபிளாக் ஆரிஜின் போட முடியாது. ஆண்ட்ராய்டில் ஃபயர்பாக்ஸைத் தேர்ந்தெடுக்கும் அந்த ஒரே காரணம் இங்கே மறைந்துவிடுகிறது.

எனவே சஃபாரியிலேயே இருப்பதுதான் புத்திசாலித்தனம். பின்தொடரும் குக்கீகளுக்கு எதிரான அதன் தடுப்பு 2017-ல் தொடங்கியது, இன்று வலுவாக இருக்கிறது. அதோடு ஒரு விளம்பரத் தடுப்பானைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆட்கார்ட் இலவசமாகவே கிடைக்கும், 2025-ல் யூபிளாக் ஆரிஜின் லைட்டும் ஐபோனுக்கு வந்துவிட்டது. தேடுபொறியை மாற்றுவது உங்கள் விருப்பம். சஃபாரியில் கூகுள் முதலில் இருப்பதற்காக 2022-ல் மட்டும் கூகுள் ஆப்பிளுக்கு 2,000 கோடி டாலர் கொடுத்தது என்று அமெரிக்க நீதிமன்ற வழக்கில் தெரியவந்தது. நம் தேடல் எவ்வளவு விலை போகும் சரக்கு என்பதற்கு அந்தத் தொகை சாட்சி.

ஒன்றல்ல, இரண்டு

எது சிறந்த பிரவுசர் என்ற கேள்விக்கு ஒரே பெயரைச் சொல்லிவிட முடியாததற்குக் காரணம், நம் வேலைகள் இரண்டு ரகம் என்பதுதான். வங்கி, வரி, ரயில் டிக்கெட், பிள்ளையின் பள்ளிக் கட்டணம், அரசுச் சான்றிதழ் ஆகியவற்றில் எப்படியும் நம் பெயரும் போன் நம்பரும் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அங்கே மறைப்பதற்கு அதிகம் இல்லை. பக்கம் உடையாமல் இருப்பதே முக்கியம். பணம் கட்டும் நேரத்தில் விளம்பரத் தடுப்பானோடு மல்லுக்கட்ட யாருக்கும் பொறுமை இருக்காது. செய்தி, உடம்புக்கு வந்த நோயைப் பற்றிய தேடல், கடன், வேலை, குடும்பச் சிக்கல், இரவு ஒரு மணிக்குத் தோன்றும் கேள்விகள் எல்லாம் இன்னொரு ரகம். நம்மைப் பற்றி அதிகம் சொல்வது இவைதான்.

ஆகவே குரோமை அழிக்க வேண்டாம். முதல் ரகத்துக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது ரகத்துக்கு, கொஞ்சம் நோண்டிப் பார்க்கத் தயங்காதவர் என்றால் ஃபயர்பாக்ஸும் யூபிளாக்கும், இல்லையென்றால் பிரேவ். இந்த இரண்டாவதைத்தான் போனின் இயல்பான பிரவுசராக வைக்க வேண்டும். போன் செட்டிங்ஸில் ஆப்ஸ், அதற்குள் டிஃபால்ட் ஆப்ஸ், அதற்குள் பிரவுசர் ஆப் என்று போனால் மாற்றலாம். இதைச் செய்யாவிட்டால் வாட்ஸ்அப்பில் வரும் ஒவ்வொரு லிங்க்கும் பழையபடி குரோமிலேயே திறக்கும். புதிய பிரவுசர் ஒரு ஓரத்தில் தூசி படிந்து கிடக்கும்.

தேடுபொறியில் மட்டும் நான் பிடிவாதம் பிடிப்பதில்லை. ஆங்கிலத்தில் தேடும்போது டக்டக்கோ பெரும்பாலும் போதும். தமிழில் தட்டச்சு செய்து தேடினால் கூகுள் தரும் அளவுக்கு மற்றவை தருவதில்லை. ஊர்ப் பெயர், கோயில், உள்ளூர்க் கடை என்று வந்துவிட்டால் இன்னும் மோசம். முதலில் டக்டக்கோ, கிடைக்காவிட்டால் கூகுள் என்று வைத்துக்கொள்வதில் தப்பே இல்லை.

பெரியவர்கள் வைத்திருக்கும் போன்களில் பிரவுசரை மாற்றுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. 'உங்கள் போனில் 5 வைரஸ்', 'பேட்டரி சேதமடைந்தது' என்று மணிக்கொரு தரம் அறிவிப்பு வந்து அம்மாவோ மாமாவோ பதறிப்போய் போனை நீட்டுவார்கள். வைரஸும் இல்லை ஒன்றும் இல்லை. எப்போதோ ஏதோ ஒரு தளம் 'அனுமதி' கேட்டபோது, பெட்டியை மூடுவதாக நினைத்துத் தட்டியதன் பலன். குரோமின் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் பகுதிக்குப் போனால் அனுமதி பெற்ற தளங்களின் வரிசை இருக்கும். ஒவ்வொன்றாக நீக்கிவிட்டு, இனி எந்தத் தளமும் கேட்கவே கூடாது என்று மேலே இருக்கும் சுவிட்சை அணைத்துவிடுங்கள். புதிதாகப் போடும் பிரவுசரிலும் முதலில் இதையே செய்யுங்கள்.

எந்த பிரவுசரைத் தேர்ந்தெடுத்தாலும் அது எட்டாத ஒரு இடம் உண்டு. ஃபேஸ்புக்கிலோ இன்ஸ்டாகிராமிலோ ஒரு லிங்க்கைத் தட்டினால் பக்கம் நம் பிரவுசரில் திறப்பதில்லை. அந்த ஆப்புக்குள்ளேயே இருக்கும் குட்டி பிரவுசரில் திறக்கிறது. அதற்குள் யூபிளாக் கிடையாது, சிங்கம் கிடையாது. 2022-ல் ஃபெலிக்ஸ் கிராவ்ஸ் என்ற நிரலாளர், இந்த ஆப்கள் தங்களுக்குள் திறக்கும் பக்கங்களில் தங்கள் சொந்த நிரலைச் செருகுவதைக் காட்டினார். எனவே அப்படித் திறந்த பக்கத்தில் கடவுச்சொல்லோ கார்டு நம்பரோ கொடுக்கும் முன் மேலே மூலையில் இருக்கும் மூன்று புள்ளியைத் தட்டி, வெளி பிரவுசரில் திற என்பதைத் தேர்ந்தெடுங்கள். லிங்க்குகள் எப்போதும் வெளியேதான் திறக்க வேண்டும் என்று சொல்ல சில ஆப்களின் செட்டிங்ஸில் சுவிட்ச் இருக்கும். அப்டேட்டுக்கு அப்டேட் அதன் இடம் மாறும். தேடித்தான் பிடிக்க வேண்டும்.